பேருந்தை எடுத்தது யார்? – ‘டேக்’, ‘எடு’, வினைமரபு

பிடோக் வட்டாரத்தில் உயர்நிலை மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு உயர்நிலை மூன்றில் படித்த மாணவி ஒருவர் கட்டுரையில் இப்படி எழுதியிருந்தார்:

“அம்மாவுக்குக் காய்ச்சல். நான் பேருந்தை எடுத்து மருந்தகத்துக்குப் போய் மருந்து எடுத்தேன். அம்மா மருந்து எடுத்துவிட்டு ஓய்வு எடுத்தார்.”

மூன்றே வாக்கியம், அதற்குள் நான்கு ‘எடு’. சிவப்புப் பேனாவால் நான்கையும் சுழித்து, ஓரத்தில் ‘ஆங்கிலத் தாக்கம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் அவர் தாளோடு வந்து கேட்டார்: “டீச்சர், ஓய்வு எடுத்தார்னு செய்தியிலகூட சொல்றாங்களே. அது ஏன் தப்பு?” எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. “அப்புறம் சொல்றேன்” என்று அனுப்பிவிட்டேன்.

அவருடைய அடுத்த கட்டுரையைப் பார்த்தபோதுதான் மனம் உறுத்தியது. ஒரு பக்கம்கூட இல்லை. அதில் பேருந்து இல்லை, மருந்து இல்லை. யாரும் எங்கும் போகவில்லை, எல்லாரும் வீட்டிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். தப்பு வரக்கூடிய இடங்களையெல்லாம் அவர் கதையிலிருந்தே எடுத்துவிட்டார். நான் திருத்தியது அவருடைய தமிழை வளர்க்கவில்லை, சுருக்கிவிட்டது. அன்று சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆசிரியர்களுக்கும் தேர்வு எழுதப்போகும் மாணவர்களுக்கும் இது பயன்படலாம்.

முதலில் ஆங்கிலப் பக்கத்தைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வினைச்சொற்களே பெரிய சுமையைத் தாங்குகின்றன. 1989இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்குத்தான். ‘டேக்’ என்பதும் அந்த இனத்தைச் சேர்ந்தது. பேருந்து, மருந்து, தேர்வு, குளியல், இருக்கை, படம், நேரம், அறிவுரை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் அது ஒன்றே போதும். நம் மாணவர் மனத்தில் ‘டேக் என்றால் எடு’ என்று ஒரு சமன்பாடு பதிந்துவிட்டால், அத்தனை பொருளும் ‘எடு’வின் தலையில் வந்து விழும்.

ஆனால் ‘எடு’ ஒன்றும் ஏழைச் சொல் இல்லை. அதற்கே பல பொருள் உண்டு. அவை ஆங்கிலத்திடம் கடன் வாங்கியவையும் அல்ல. பசி எடுக்கிறது, பல்வலி எடுக்கிறது, குழந்தை வாந்தி எடுக்கிறது, மன்னன் படையெடுக்கிறான், பிச்சை எடுக்கிறார், ஓட்டம் எடுக்கிறார், பிள்ளையைத் தத்தெடுக்கிறார்கள். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை பக்தர்கள் காவடி எடுக்கிறார்கள், பால்குடம் எடுக்கிறார்கள். தீபாவளிக்கு முன்னால் வீட்டில் கேட்கும் கேள்வி, “துணி எடுத்தாச்சா?” என்பதுதான். “தேக்காவுல ஒரு சேலை எடுத்தேன்” என்று அம்மா சொன்னதைப் பிள்ளை ‘டேக்’ போட்டு ஆங்கிலத்தில் சொன்னால், காசு கொடுக்காமல் தூக்கிக்கொண்டு வந்தது போல ஆகிவிடும்! ஆக, இரண்டும் பல பொருள் கொண்ட சொற்களே. இரண்டின் எல்லைகளும் சில இடங்களில் ஒன்றாகின்றன, பல இடங்களில் விலகிப்போகின்றன.

விலகும் இடங்களில்தான் சிக்கல். மாணவியின் வரிகளுக்கே போவோம்.

‘பேருந்தை எடுத்தேன்.’ இது ஏதோ அந்நியமான தமிழ் என்பதல்ல என் குறை. இதற்குத் தமிழில் ஏற்கெனவே வேறு பொருள் இருக்கிறது. ஓட்டுநரைப் பார்த்து “வண்டிய எடுப்பா” என்கிறோம். “பஸ்ஸ எடுத்துட்டாங்க” என்றால் பேருந்து கிளம்பிவிட்டது என்று பொருள். எனவே தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருவர் இந்தக் கட்டுரையைப் படித்தால், பதினைந்து வயதுப் பெண் பிடோக் நிலையத்திலிருந்து பேருந்தை ஓட்டிக்கொண்டு போய்விட்டதாக நினைக்கலாம்.

‘மருந்து எடுத்தேன்.’ மருந்தகத்தில் வாங்கினாரா, அலமாரியிலிருந்து கையில் எடுத்தாரா, சாப்பிட்டாரா? அம்மாவுக்குக் காய்ச்சல் என்று முன்னால் எழுதியிருப்பதால் ஊகிக்க முடிகிறது. அந்த வரி இல்லாவிட்டால் நோயாளி யார் என்றே தெரியாது.

‘ஓய்வு எடுத்தார்.’ இதில் குழப்பமே இல்லை. பத்திரிகையிலும் மேடையிலும் வீட்டிலும் வழங்குவது. ‘ஓய்வெடு’ என்று ஒரே சொல்லாகவே எழுதுகிறோம். இதை நான் சுழித்தது என் தவறு.

இன்னொரு சுவையான மோதலும் உண்டு. “நான் இயற்பியல் பாடம் எடுக்கிறேன்” என்று மாணவர் வாய்மொழித் தேர்வில் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். தமிழில் பாடம் எடுப்பவர் ஆசிரியர். மாணவர் பாடம் படிப்பவர். எதிரே இருக்கும் தேர்வாளர் ஒரு கணமாவது புன்னகைப்பார்.

இதற்கெல்லாம் மாணவர்தான் காரணமா? நாம் கொடுக்கும் கருவியில் குறை இருக்கிறது என்பதே என் விமர்சனம். எந்தப் பெயரோடு எந்த வினை சேரும் என்று கற்பிக்க நம்மிடம் பழைய பாடம் ஒன்று உண்டு: வினைமரபு. கூடை முடை, சுவர் எழுப்பு, பூக் கொய், பாய் பின்னு, முறுக்குத் தின், பால் பருகு என்று மனப்பாடம் செய்யவைக்கிறோம். நல்லதுதான். ஆனால் நம் மாணவர் கூடை முடைவதில்லை. அவர் காலையில் மின்தூக்கியில் இறங்கி, பேருந்தில் ஏறி, பயண அட்டையைக் காட்டி, பள்ளிக்கு வந்து தேர்வு எழுதுகிறார். அவருடைய நாளில் வரும் பெயர்ச்சொற்களுக்கு நம் பட்டியலில் வினை இல்லை. அந்த வெற்றிடத்தை ஆங்கிலம் நிரப்புகிறது, அவ்வளவுதான்.

நம் முன்னோர் இப்படி நிறுத்திக்கொள்ளவில்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கம் இதே பிரச்சினையைப் பேசுகிறது. பல பொருளைக் குறிக்கும் ஒரு சொல்லின் பொருளை அதனோடு வரும் வினை பிரித்துக்காட்டும் என்கிறது. ‘மா பூத்தது’ என்றால் மரம், ‘மா ஓடியது’ என்றால் விலங்கு. பல வினைக்கு உரியவற்றை உள்ளடக்கிய பொதுச்சொல்லுக்கு, ஒன்றுக்கு மட்டும் உரிய வினையைக் கொடுக்கக்கூடாது என்றும் சொல்கிறது. ‘அடிசில்’ என்ற உணவில் உண்பது, தின்பது, பருகுவது, நக்குவது எல்லாம் இருப்பதால், ‘அடிசில் தின்றார்’ என்பது பொருந்தாது என உரையாசிரியர்கள் விளக்குவார்கள். அவர்கள் தங்கள் காலத்துத் தட்டில் இருந்ததைப் பார்த்து விதி சொன்னார்கள். நாம் அவர்கள் தட்டை மனப்பாடம் செய்கிறோம்; நம் தட்டைப் பார்ப்பதில்லை.

தேர்வு நெருங்கும்போது நாம் அச்சடித்துக் கொடுக்கும் சொல்வளத் தாள்களிலும் இதே குறைதான். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல், நடுவில் ஒரு கோடு. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்ற நம்பிக்கையை மாணவர் மனத்தில் விதைப்பது இந்தத் தாள்தான். இதை என்னையும் சேர்த்தே சொல்கிறேன். நானும் அப்படிப்பட்ட தாள்களைத் தயாரித்திருக்கிறேன். 1992இல் முதலில் வெளிவந்து, 2008இலும் 2020இலும் விரிவாக்கப்பட்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைத் திறந்து ‘எடு’ என்ற பதிவைப் பாருங்கள். பொருள்களை எண்ணிட்டுத் தருவதோடு நிற்காமல், அந்தப் பொருளில் சொல் எப்படி வழங்குகிறது என்பதை எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு காட்டுகிறது. நம் தாள்களும் அந்த வழியில் போக வேண்டும். ‘தேர்வு’ என்று மட்டும் எழுதாமல் ‘தேர்வு எழுது’ என்று இணையாகவே கொடுக்க வேண்டும்.

“அப்படியானால் ‘எடு’ வரும் இடமெல்லாம் சந்தேகப்பட வேண்டுமா?” என்று கேட்கலாம். வேண்டாம். ‘முடிவெடு’, ‘நடவடிக்கை எடு’, ‘விடுப்பு எடு’, ‘படம் எடு’ எல்லாம் நன்றாக வேரூன்றிவிட்டன. ‘முடிவு செய்’ என்பது எனக்கு இன்னும் பிடிக்கும். அதற்காக ‘முடிவெடு’ எழுதிய மாணவரிடம் மதிப்பெண் பிடுங்கமாட்டேன். ஊருக்கு ஊர் வழக்கும் மாறும். தமிழ்நாட்டில் ‘போனை எடுத்தார்’ என்றால் வந்த அழைப்புக்குப் பதில் பேசினார். இலங்கைத் தமிழர் பேச்சில் ‘போன் எடுத்தார்’ என்றால் அவரே அழைத்தார். அங்கே ‘சோதனை எடுத்தேன்’ என்று சொல்வதும் இயல்பு. அது அவர்களுடைய வழக்கு. அதைத் தப்பு என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆகவே ‘ஆங்கிலத்திலும் இப்படித்தானே இருக்கிறது’ என்பது குறை சொல்லப் போதுமான காரணம் ஆகாது. படிப்பவர் வேறு பொருள் கொள்வாரா என்பதே சரியான அளவுகோல். பொருள் மாறினால் திருத்துவோம்; மாறாவிட்டால் விட்டுவிடுவோம்.

வகுப்பில் ஒட்டிவைக்கப் பிடோக் மாணவருக்கேற்ற வினைமரபுப் பட்டியல் ஒன்று, தொடக்கமாக:

பேருந்து, ரயில் – ஏறு, பிடி, அதில் செல், இறங்கு, மாறு
மின்தூக்கி – அதில் ஏறு, அதில் செல்
மருந்து – கடையில் வாங்கு. சாப்பிடு, குடி, உட்கொள்
காய்ச்சல் – உடலுக்கு வரும், கருவியால் பார்
தேர்வு – எழுது
பாடம் – மாணவர் படிப்பார். ஆசிரியர் எடுப்பார், நடத்துவார்
நேரம் – ஆகும், பிடிக்கும்
அறிவுரை – சொல்பவர் கூறுவார். கேட்பவர் கேட்பார், ஏற்பார்
இருக்கை – அதில் அமர்
நிகழ்ச்சி – நடைபெறும்; நாம் கலந்துகொள்வோம், பங்கேற்போம்

பட்டியலை நீங்களே முடித்துக் கொடுத்துவிடாதீர்கள். பயண அட்டையைத் தட்டுகிறோமா, காட்டுகிறோமா, தொடுகிறோமா? மாணவர்களையே பேசவிடுங்கள். என் வகுப்பில் இந்தக் கேள்விக்கு இருபது நிமிடம் ஆனது. முடிவு கிடைக்கவில்லை. ஆனால் கடைசி மேசையில் எப்போதும் வாய் திறக்காத பையன்கூட அன்று தமிழில் வாதாடினான்.

தேர்வு எழுதப்போகும் மாணவர்களே, உங்களுக்கு ஒரு சின்ன வழி. எழுதும்போது ‘எடு’ வந்தால் ஒரு நொடி நில்லுங்கள். இதைப் பாட்டியிடமோ அத்தையிடமோ பேச்சுத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று நினைத்துப்பாருங்கள். “பஸ்ல வந்தேன்”, “மருந்து சாப்பிட்டேன்”, “பரீட்சை நல்லா எழுதினேன்” என்றுதான் வரும். சரியான வினை பெரும்பாலும் பேச்சிலேயே இருக்கிறது. அதை எழுத்துத் தமிழுக்கு மாற்றினால் போதும்: ‘பேருந்தில் வந்தேன்’, ‘மருந்து சாப்பிட்டேன்’. வீட்டில் தமிழ் பேசாதவர்கள் கவலைப்பட வேண்டாம். தொலைக்காட்சிச் செய்தியிலும் தமிழ் முரசிலும் ஒரு பெயர்ச்சொல்லைப் பார்த்தால், பக்கத்தில் நிற்கும் வினையையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பிரிக்காமல் படியுங்கள்.

அந்த மாணவியை அழைத்து, “ஓய்வு எடுத்தார் சரிதான்மா, நான்தான் தப்பாச் சுழிச்சுட்டேன்” என்று சொன்னேன். மற்ற மூன்றையும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். பிறகு அவரே எழுதினார்:

“அம்மாவுக்குக் காய்ச்சல். நான் பேருந்தில் ஏறி மருந்தகத்துக்குப் போய் மருந்து வாங்கி வந்தேன். அம்மா அதைச் சாப்பிட்டுவிட்டு ஓய்வெடுத்தார்.”

அடுத்த கட்டுரையில் அவருடைய கதாபாத்திரங்கள் வீட்டைவிட்டு வெளியே வந்தார்கள். பிடோக்கில் ரயில் ஏறி, பூகிஸில் மாறி, தேக்காவுக்குப் போய்த் துணி எடுத்தார்கள். அந்த ‘எடு’வுக்குப் பக்கத்தில் நான் சரி போட்டேன்.