ஒரே கிண்ணம், இரண்டு பாய்

கோவில் விழா மலர்களுக்கென்று ஓர் அச்சு உண்டு. பேராயரின் வாழ்த்துச் செய்தி, ஊழியம் செய்த போதகர்களின் பட்டியல், அடிக்கல் நாட்டிய ஆண்டு, கோபுரத்துக்குப் பொருளுதவி செய்தவர்கள், பாடகர் குழுவின் படம். அந்தக் கோவிலுக்குள் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது மட்டும் வருவதில்லை. தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஓதுகிறபடி நடந்தார்களா என்று கேட்டால், நான் முதலில் பார்ப்பது அந்த உட்காரும் இடத்தைத்தான். குடியாமை, பொய் சொல்லாமை, தசமபாகம் செலுத்துதல் எல்லாம் அவரவர் மனசாட்சிக் கணக்கு. கிறிஸ்துவுக்குள் இனப் பிரிவோ அடிமை எஜமான் பேதமோ கிடையாது என்று பவுல் கலாத்தியருக்கு எழுதினாரே, அது சபையின் கணக்கு. தமிழ்நாட்டில் அந்தக் கணக்கைச் சரிபார்க்கச் சாதியை விட்டால் வேறு இடமில்லை.

நானூறு ஆண்டுகளாக இங்கே வந்த ஒவ்வொரு மரபும் இந்தப் பரீட்சைக்குத் தானே கேள்வித்தாள் தயாரித்துக்கொண்டது. பெரும்பாலும் தனக்கு விடை தெரிந்த கேள்விகளாகப் பார்த்து.

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நோபிலி காவி உடுத்தினார், புலால் தவிர்த்தார், தமிழோடு வடமொழியும் கற்றுத் தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் நாட்டு வழக்கம், அவற்றை விடச் சொல்ல வேண்டியதில்லை என்பது அவர் கட்சி. சக குருக்களே எதிர்த்தார்கள். விவகாரம் ரோமாபுரி வரை போய், 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி நோபிலிக்குச் சாதகமாக ஆணையிட்டார். மேல்சாதியார் மற்றவர்களை இகழக்கூடாது என்ற அறிவுரையும் அந்த ஆணையில் இருந்தது. அனுமதி நடைமுறைக்கு வந்தது, அறிவுரை ஏட்டோடு நின்றது. 1640ஐ ஒட்டிப் பண்டாரசுவாமிகள் என்று இன்னொரு வகைக் குருக்கள் ஏற்பட்டார்கள். சந்நியாசி கோலத்துக் குரு மேல்சாதியாருக்கு, பண்டாரசுவாமி மற்றவர்களுக்கு என்று ஆயிற்று. தமிழ் உரைநடைக்கு நோபிலி செய்தது பெரிது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மதம் மாறச் சாதி மாற வேண்டியதில்லை என்று தொடங்கிய மரபு, சாதி விஷயத்தில் தவறிவிட்டது என்று சொல்லவே வழியில்லாமல் போய்விட்டது. கேட்டிருந்தால்தானே தவறுவதற்கு?

கேட்ட நாளும் வந்தது. 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் விடுத்த ஆணை, குருக்கள் பறையர் வீட்டுக்குள்ளும் போய் நோயாளிகளுக்குத் திருவருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்றது. இயேசு சபையார் அதற்கும் ஒரு வழி கண்டார்கள்: அவர்களுக்கென்று தனியாகச் சில குருக்கள்! மறு ஆண்டே புதுச்சேரியில் இயேசு சபைக் கோவிலுக்குள் இருந்த சாதிச் சுவர் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். பறைச்சேரிக்காரர்கள் திரண்டு போய், நாங்களும் சீடர்கள் என்றால் எங்களைப் பிரித்து வைக்கலாமா, ஆண்டவர் அப்படிப் பிரித்தாரா என்று குருவிடம் முறையிட்டார்கள். வேதத்தை ஆதாரமாகக் காட்டி நியாயம் கேட்டவர்கள் சுவருக்கு அப்பால் உட்கார வைக்கப்பட்டவர்கள். சுவர் போனதும் கொதித்தவர்கள் இப்பால் இருந்தவர்கள். பிள்ளை வைணவர், இரு தரப்பிலும் அவருக்கு வேலையில்லை. அதனால் அவர் சாட்சியை நம்பலாம்.

அதே 1745இல்தான் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் நீலகண்டன் தேவசகாயம் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார். 1752இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரிலேயே பிற்காலத்தில் எழுந்த கோவிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெள்ளாளரும் நாடாரும் ஒரே கூரையின் கீழ், ஆனால் ஒருவர் மேல் ஒருவர் கண் படாமல் பூசை காண வேண்டும். ஆகவே பீடத்திலிருந்து இரண்டு நடைகள் இரு பக்கமாகக் கோணிப் பிரியும்படி கட்டினார்கள். பீடத்தில் நிற்கும் குருவுக்கு இரண்டு கூட்டமும் தெரியும். ஒரு கூட்டத்துக்கு மற்றது தெரியாது. பார்த்தவர்கள் கால்சட்டைக் கோவில் என்றார்கள். கட்டடக் கலையில் சாதிக்கு இவ்வளவு துல்லியமான வரைபடம் வேறெங்கும் போட்டிருப்பார்களா என்பது சந்தேகம். கௌசானல் அடிகளார் காலத்தில், 1910இல், தடுப்பு எடுக்கப்பட்டது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் தடுப்பு திரும்ப எழவில்லை. இன்னொரு தடுப்பு எடுபட நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 2022 மே 15 அன்று ரோமில் தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, அதுவரை அவர் பெயரோடு ஒட்டிவந்த 'பிள்ளை' என்ற சாதிப் பட்டம் இல்லை.

புரொட்டஸ்டன்ட் மரபினர் இதையெல்லாம் படித்துவிட்டு மார்தட்ட வேண்டாம். சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706இல். அங்கே சுவர் இல்லை, பாய் இருந்தது. ஒரு சாதிக்கு ஒரு பாய், நடுவே இடைவெளி. இராப்போஜனத்தில் எல்லார்க்கும் ஒரே கிண்ணம் என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் மேல்சாதியார் குடித்த பிறகே அது மற்றவர்களிடம் வந்தது. ராஜநாயக்கன் என்ற உபதேசியார், தஞ்சைச் சீமையில் அடி உதை பட்டுச் சபை வளர்த்தவர், பறையர். அவருக்குக் குருப்பட்டம் கொடுப்பது பற்றிப் பேச்சு எழுந்தது. அவர் கையால் நற்கருணை வாங்க மற்றவர்கள் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, 1741இல் தியோகு என்பவருக்குக் கொடுத்தார்கள். ராஜநாயக்கன் சாகும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் ஒரு சுற்றறிக்கை விட்டார்: சபைக்குள் சாதி உடனடியாக, முற்றாக, இனி எப்போதைக்குமாக ஒழிய வேண்டும். சென்னை வேப்பேரியில் அது கோவிலில் வாசிக்கப்பட்டதும் சாதிக் கிறிஸ்தவர்கள் பெருந்திரளாக வெளியேறினார்கள். தஞ்சாவூரிலும் கலகம். அங்கே எதிர்ப்புக்குக் குரல் கொடுத்தவர் சாமானியர் அல்லர். பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார் சுற்றறிக்கைக்கு முன்பே, 1829இல், இளம் மிஷனெரிமாரின் சாதித் திருத்தத்தைப் பைத்தியக்காரத்தனம் என்று எழுதியிருந்தார். சாதி உலகியல் ஒழுங்கு, இரட்சிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது அவர் வாதம். அவர் கீர்த்தனைகளை இன்றும் எல்லாச் சாதியாரும் சேர்ந்து பாடுகிறோம். பாட்டை எடுத்துக்கொண்டு வாதத்தை மறந்துவிட்டோம் என்று சொல்ல ஆசைதான். மறந்தோமா என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

வெளியேறியவர்களுக்குப் புகலிடம் கொடுத்தது லைப்சிக் மிஷன். சாதி சமுதாய வழக்கம், பிரசங்கத்தால் மெல்ல மாற்ற வேண்டியது, சட்டத்தால் அல்ல என்றார் அதன் தலைவர் கார்ல் கிரவுல், திருக்குறளை ஜெர்மனுக்குக் கொண்டுபோன அதே கிரவுல். மற்ற மிஷன்கள் லைப்சிக்கைத் திட்டித் தீர்த்தன. எனக்கென்னவோ அவர்கள் மேல் அவ்வளவு கோபம் வருவதில்லை. சட்டம் போட்டவர்களிடம் சாதி ஒளிந்துகொண்டது, போடாதவர்களிடம் முற்றத்தில் உட்கார்ந்திருந்தது. எது மேல் என்பதை இரண்டு சபையின் கல்யாணங்களையும் பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

கடுமையான பரீட்சை வைத்தது அமெரிக்கன் மதுரை மிஷன். 1847இல், சாதியை விட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, எல்லாரோடும் பந்தியில் உட்கார்ந்து, யார் சமைத்ததானாலும் உண்டு காட்ட வேண்டும் என்றது. 'அன்பின் விருந்து' என்று அதற்குப் பெயர். மறுத்த உபதேசிமார்களுக்கு வேலை போயிற்று. 1850இல் சென்னையில் கூடிய மிஷனெரி மாநாடும் அதே விதியை ஏற்றது. லைப்சிக் ஒதுங்கி நின்றது. சம்பளம் வாங்குகிறவர்கள் வேறு வழியில்லாமல் சாப்பிட்டார்கள். நாளடைவில் அது பழகியும் போயிற்று. இதை லேசாகச் சொல்லிவிடக்கூடாது, பந்தியில் சமமாக உட்கார்ந்தது அந்தக் காலத்தில் பெரிய காரியம். ஆனால் பரீட்சை பந்தியோடு முடிந்ததால், சாப்பாட்டில் விட்டதைச் சம்பந்தத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

பரீட்சை வைத்த வெள்ளைக்காரர்கள் கதை என்ன? நாகர்கோவிலில் லண்டன் மிஷனை நிலைநிறுத்திய மீட் ஐயர், மனைவியை இழந்தவர், 1850களின் தொடக்கத்தில் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த கிறிஸ்தவப் பெண் ஒருவரை மணந்தார். சாதியைக் கண்டித்துக் கண்டித்து அறிக்கை எழுதிய சக மிஷனெரிமாரே முகம் சுளித்தார்கள். முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்தவர் மிஷனை விட்டுப் போய்த் திருவிதாங்கூர் அரசின் கல்வித் துறையில் சேர வேண்டியதாயிற்று. நம்மூர் உபதேசியாருக்குப் பந்தியில் வைத்த சோதனையைத் தங்களுக்கு மண மேடையில் வைத்துக்கொள்ள அவர்களால் முடியவில்லை.

திருநெல்வேலிப் பக்கம் கதை வேறு. 1799இல் முதலூர் தொடங்கி ஊர் ஊராக நாடார்கள் சேர்ந்தபோது சபையும் சாதியும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. பக்கத்தில் உட்கார வேறு சாதி இல்லாத கோவிலில் பேதம் எப்படித் தெரியும்? அங்கே எழுந்த சண்டை மிஷனெரிமாரோடு. மிஷனெரி கால்டுவெல் நாடார் சாதியைப் பற்றி எழுதிய புத்தகம் முதலான மனக்கசப்புகளால் அச்சாதியைச் சேர்ந்த சட்டம்பிள்ளை 1857இல் நாசரேத் பக்கத்துப் பிரகாசபுரத்தில் இந்துக் கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். அந்நியப் பணம் வேண்டாம், ஓய்வுநாள் சனிக்கிழமை. தன்மானத்துக்கு அது நல்ல பாடம். தங்களுக்குக் கீழே வைக்கப்பட்டவர்களைப் பற்றி அந்தச் சபைக்கும் தனிக் கொள்கை இருந்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பக்கத்து அசனப் பண்டிகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் அடுப்பெரிந்து, ஓலைப்பாயில் சோறு ஆவி பறக்கக் குவிந்து கிடக்கும். கறிக்குழம்பை வாளியில் மொண்டு ஓடுவார்கள். கோவிலுக்கு வராதவர், வேறு மதத்தார், வழிப்போக்கர் எல்லாரும் வரிசையாக உட்காரலாம், யாரையும் யார் என்று கேட்க மாட்டார்கள். மதுரை மிஷன் மிரட்டி நடத்திய விருந்து இங்கே தானாக நடக்கிறது. அந்தப் பந்தியிலேயே, இலை எடுக்கும் முன், "பையனுக்குப் பார்க்கிறோம், நம்மளவங்களா இருந்தா சொல்லுங்க" என்ற பேச்சும் நடக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் மணமகள் தேவை விளம்பரத்தில் சபையின் பெயரும் சாதியின் பெயரும் ஒரே மூச்சில் வரும். சபை வேறானாலும் பரவாயில்லை என்று போடுவதுண்டு. சாதி வேறானாலும் பரவாயில்லை என்று போட்டால் அது செய்தி. சாஸ்திரியாரின் வாதத்தை மறந்தோமா என்றால், இல்லை.

பெந்தெகொஸ்தே சபைகள் அளவுகோலை வேறு இடத்துக்குக் கொண்டுபோயின. நகை கழற்றல், வெள்ளை உடுத்தல், சில சபைகளில் மருந்து தவிர்த்தல். பழைய சபைகளில் பின்வரிசையில் இருந்த பலர் இங்கே முன்னால் நின்று சாட்சி சொன்னார்கள், அந்தப் பெருமை இவற்றுக்குச் சேரும். கழுத்துச் சங்கிலியைக் கழற்றியவர்கள் சீதனப் பவுனை எண்ணி வாங்கிப் பெட்டியில் வைப்பது வேறு விஷயம்.

இறையியல் கற்றுக்கொடுத்த இடத்திலிருந்தும் ஒருவர் உணவுக்கே திரும்பினார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, 'பறட்டை' என்று அறியப்பட்டவர், பறையை ஆராதனைக்குள் கொண்டுவந்தார், 'ஒரு உலை' என்று பேசினார். எல்லாரும் ஒன்றாகச் சமைத்துண்ணும் வாழ்க்கையைத்தான் அவர் நற்கருணையாகக் கண்டார். ஒரு நாள் விருந்தைப் பற்றியல்ல, தினமும் எரியும் அடுப்பைப் பற்றிப் பேசினார். ஒரே அடுப்பு என்றால் அதற்குள் கல்யாணமும் வந்துவிடுகிறது. நான் கண்ட அளவுகோல்களில் இதுவே நேர்மையானது என்பேன். பாமாவின் 'கருக்கு' 1992இலும் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இலும் வந்தன. கன்னியர் மடத்துக்குள்ளும் கத்தோலிக்க ஊருக்குள்ளும் அந்த அடுப்பு எரியவில்லை என்பதை அவர்கள் எழுதிக் காட்டிவிட்டார்கள்.

சாவிலாவது? திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிச் சுவர் நின்றதும், அதற்கு எதிராகப் போராட்டம் நடந்ததும் ஊரறிந்தது. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதையொட்டிக் கலவரம் மூண்டு, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். ஜெபமாலை அன்னையின் கோவில் அது.

இதற்கு ஒரு சட்டப் பக்கமும் உண்டு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் இன்றுவரை வெளியே. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைப்பவர்களுக்கு அரசு இலவசப் பெட்டிக்கடை கொடுத்தபோது, கிறிஸ்தவர் என்பதால் விடுபட்ட சூசை தொடுத்த வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பிறகும் அதே இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குச் சான்று போதாது என்று தள்ளிவிட்டது. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணத்தில் திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 2022இல், மதம் மாறியவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி தரலாமா என்பதை ஆராய ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தது. ஆணையத்தின் முன் போய், எங்களிடம் சாதி இல்லை என்று ஒரு பேராயர் சொன்னால் அவருடைய மக்களின் உரிமை போகும்; இருக்கிறது என்றால் அவருடைய பிரசங்கம் போகும். போகட்டும். கல்லறைத் தோட்டத்தின் வரைபடம், திருமணப் பதிவேடு, தேர் போகும் தெருக்களின் பட்டியல், இந்த மூன்றையும் ஒவ்வொரு பங்கிலிருந்தும் சேகரத்திலிருந்தும் நகலெடுத்துக் கொடுத்தாலே நீதிமன்றம் கேட்ட சான்று கிடைத்துவிடும்.