மந்திரக்கோலைக் கீழே வைத்தவர்கள்

ஒரு ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, பங்கு இல்லத்து வாசலில் தாய் ஒருவர் பழைய செய்தித்தாளில் சுற்றிய நூலொன்றை ஏந்தியபடி காத்து நின்றார். "இத வூட்ல வச்சிக்கலாமா சாமி, இல்ல கொளுத்திடட்டுமா?" என்று கேட்டார். பிரித்துப் பார்த்தோம். ஜே. கே. ரௌலிங் எழுதிய ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நூல், தமிழாக்கத்தில். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன் அதை இரவல் வாங்கி வந்து, மூன்று நாளாகக் கையைவிட்டு இறக்காமல் படிக்கிறானாம். பக்கத்துக்குப் பக்கம் மந்திரம், மந்திரவாதி என்றே இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தாய் அஞ்சிவிட்டார்.

அந்த அச்சத்தை நாம் சிரித்து ஒதுக்கவில்லை. அவர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள சிற்றூர் ஒன்றில் பிறந்து, மணமாகிக் கள்ளக்குறிச்சிப் பக்கம் இறங்கி வந்தவர். அவருடைய முதல் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோது, சமவெளியிலிருந்து மலையேறி வந்த மந்திரவாதி ஒருவன் எலுமிச்சம்பழமும் திருநீறும் கொடுத்து, இரண்டு ஆடுகளை விற்ற பணத்தை வாங்கிச் சென்றான். மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பதற்குள் குழந்தை கண்ணை மூடிவிட்டது. மந்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் நினைவுக்கு வருவது கதையன்று. அந்த மனிதனின் முகம். அத்தகைய தாய்க்குப் போகிறபோக்கில் விடை சொல்வது தகாது. படித்துவிட்டுச் சொல்கிறோம் என்று நூலை வாங்கி வைத்துக்கொண்டோம். ஒன்றில் தொடங்கியது ஏழிலும் போய் முடிந்தது. அந்த வாசிப்பின் பயனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1997இல் தொடங்கி 2007இல் நிறைவுற்ற இவ்வேழு நாவல்கள் குறித்துத் திருச்சபைக்குள் ஒரே குரல் ஒலித்ததில்லை. 2003ஆம் ஆண்டில், அப்போது கர்தினாலாக இருந்த இராட்சிங்கர், ஜெர்மானிய எழுத்தாளர் ஒருவருக்கு விடுத்த கடிதத்தில், இந்நூல்களின் நுண்ணிய கவர்ச்சி இளம் உள்ளங்களின் விசுவாசத்தைக் குலைக்கக்கூடும் என்ற கவலையில் பங்குகொண்டார். 2009இல் வத்திக்கான் நாளேடான லொசர்வத்தோரே ரொமானோ, ஆறாம் நூலைத் தழுவிய திரைப்படத்தைப் பாராட்டி எழுதியது. ஆகவே, ஆராய்ந்து தெளியும் பொறுப்பு பெற்றோருக்கும் மேய்ப்பருக்கும் உரியதாகவே நிற்கிறது.

எரிப்பதைப் பற்றி ஒரு சொல். எபேசு நகரில் மந்திர நூல்கள் எரிக்கப்பட்டதைத் திருத்தூதர் பணிகள் 19ஆம் அதிகாரம் கூறுகிறது. எரித்தவர்கள், அந்நூல்களைக் கொண்டு மாயவித்தை செய்து வந்தவர்களே. மனம் மாறியபின் தங்கள் நூல்களைத் தாங்களே தீயிலிட்டார்கள். பிறர் பிள்ளையின் கதைப்புத்தகத்தைப் பறித்து அவர்கள் எரிக்கவில்லை. வேதாளத்தைத் தோளில் சுமந்த விக்கிரமாதித்தனை அம்புலிமாமாவில் மாதந்தோறும் படித்து வளர்ந்தவர்கள் நாம். அதைப் படித்து எந்தப் பிள்ளையும் நள்ளிரவில் முருங்கை மரம் தேடிப் போனதில்லை.

எனினும் மந்திரம் பாவம் என்னும் போதனை மாறாதது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 2117ஆம் எண்ணில், மந்திரச் செயலின் வேரைச் சுட்டுகிறது: மறைந்திருக்கும் ஆற்றல்களை வசப்படுத்தித் தன் ஏவலுக்கு அமர்த்துவதும், அதனால் பிறர்மீது ஆதிக்கம் கொள்வதும். இவ்வளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு நாவலின் மாந்தரை ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தோம். மந்திரக்கோல் ஏந்தாத கைகளே அரிதான அவ்வுலகில், இப்பாவத்தை முழு மனத்தோடு செய்பவர் மிகச் சிலரே. ஹாக்வார்ட்ஸ் பள்ளிப் பிள்ளைகளுக்கு மந்திரம் தச்சுவேலை போன்ற ஒரு பயிற்சி. ஆவிகளை அழைப்பதோ வணங்குவதோ அவர்களுடைய பாடத்தில் இல்லை. தேர்வு எழுதுகிறார்கள், தோற்கிறார்கள், மறுபடியும் முயல்கிறார்கள்.

வோல்டமார்ட் என்னும் எதிர்நாயகனே அளவுகோலுக்கு அணுவளவும் பிசகாமல் பொருந்துபவன். அவனுக்குச் சாவைக் கண்டு நடுக்கம். அதிலிருந்து தப்ப, கொலை செய்து தன் ஆன்மாவைத் துண்டாக்கி, அத்துண்டுகளைப் பொருள்களில் ஒளித்து வைக்கிறான். ஆன்மாவை இழந்து உயிரைக் காத்துக்கொள்ளும் வாணிபம் இது. தூய ஆவியின் கொடையைப் பணம் கொடுத்து வாங்க முயன்ற சமாரியாவின் மாயவித்தைக்காரன் சீமோன் நம் நினைவுக்கு வருகிறான். இருவருக்கும் ஆற்றல் என்பது கைப்பற்ற வேண்டிய பொருள். அதற்காக யாரை இழந்தாலும் கவலையில்லை.

எதிர்ப்பக்கம் நிற்பவர்களைப் பார்த்தபோது நமக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. இக்கதையின் மிக உயர்ந்த செயல்கள் நிகழும் இடங்களில் மந்திரக்கோல் இல்லை. ஹாரியின் தாய் லில்லி, விலகி நின்றால் பிழைக்கலாம் என்று சொல்லப்பட்டும், தொட்டிலுக்கும் கொலைகாரனுக்கும் நடுவே நின்று உயிர் விடுகிறாள். அந்நேரம் அவள் கையில் கோல் கிடையாது. இறுதி நூலில் ஹாரி, தான் இறந்தாலன்றிப் பிறர் பிழையார் என்றறிந்து காட்டுக்குள் நடக்கையில், கோலை உடைக்குள் மறைத்துவிட்டு வெறுங்கையோடு பகைவன்முன் நிற்கிறான். டாபி என்னும் குற்றேவல் எல்ஃப், நண்பர்களைக் காப்பாற்றக் கத்தி பாய்ந்து இறந்தபோது, ஒரு நொடியில் மந்திரத்தால் தோண்டக்கூடிய குழியை ஹாரி மண்வெட்டி பிடித்து, வியர்வை சிந்தித் தோண்டுகிறான். அன்புக்குரியவரை அடக்கம் செய்யும் வேலையை மந்திரத்திடம் ஒப்படைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

இவர்களோடு நெவில் லாங்பாட்டத்தையும் சேர்க்க வேண்டும். நம் மறைக்கல்வி வகுப்புகளில் கடைசி வரிசையில் அமரும் பிள்ளை அவன். மறதிக்காரன்; ஆசிரியர் குரல் உயர்ந்தால் நடுங்குபவன். அவனுடைய பெற்றோர் கொடியவர்களின் வதையால் சித்தம் கலங்கி, மருத்துவமனையில் மகனை அடையாளம் தெரியாமல் இருக்கிறார்கள். ஐந்தாம் நூலில், அத்தாய் மெல்ல நடந்து வந்து மகன் கையில் மிட்டாய் சுற்றிய காகிதம் ஒன்றை வைக்கிறாள். பாட்டி அதைக் குப்பையில் போடச் சொல்கிறாள். பிறர் அறியாமல் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறான் நெவில். அந்தக் காகிதத்திலும் மந்திரம் ஏதுமில்லை. முதல் நூலிலேயே, நண்பர்களின் தவற்றைத் தடுக்க அவர்களையே எதிர்த்து நின்றதற்காகத் தலைமையாசிரியர் டம்பிள்டோர் அவனுக்குப் பத்து மதிப்பெண் அளிக்கிறார். பள்ளியின் வெற்றிக்கோப்பையை முடிவு செய்தவை அந்தப் பத்தும்தான்.

டம்பிள்டோரிடம் நம்மைப் போன்றோர் கற்க வேண்டியது உண்டு. இளமையில் அதிகாரத்தை விரும்பி, அதனால் தங்கையின் சாவுக்கு வழிவகுத்தவர் அவர். அதிகாரம் தமக்கு ஆகாத நஞ்சு என்று உணர்ந்து, தேடிவந்த அமைச்சர் பதவியைப் பலமுறை மறுத்துப் பள்ளியிலேயே தங்கிவிடுகிறார். பங்கு என்னும் சிறு அரசின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரியும் நமக்கு, அந்தப் பக்கங்களை விரைந்து கடக்க இயலவில்லை.

இனி, நாவல் நம் ஊரையே தொட்டுவிடும் இடத்துக்கு வருவோம். ஹெர்மயனி வகுப்பில் முதல் மாணவி. அவளுடைய பெற்றோர் மந்திரம் அறியாத பல் மருத்துவர்கள். இரண்டாம் நூலில், 'தூய குருதி'க் குடும்பத்துச் சிறுவன் டிராக்கோ, அவள் பிறப்பை இழித்து, சேறு கலந்த இரத்தம் என்று பொருள்படும் வசைச்சொல்லை அவள்மேல் வீசுகிறான். ஏழாம் நூலில் அந்தச் சொல் அரசாங்கச் சட்டமாகவே மாறிவிடுகிறது. ஆனால், தூய்மையை முழங்கும் வோல்டமார்ட்டின் தந்தை மந்திரம் அறியாத மனிதர். தன் பிறப்பை மறைப்பதற்காகவே அவன் தந்தையின் பெயரைத் துறந்து புதுப்பெயர் சூடிக்கொள்கிறான்.

இதைப் படித்தபோது இங்கிலாந்து நம் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள எறையூரில், தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டியதையொட்டி 2008 மார்ச்சில் மூண்ட மோதலும், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டதும் நினைவுக்கு வந்தன. மோதியவர்கள் ஒரே திருமுழுக்குப் பெற்றவர்கள். ஒரே அன்னையின் தேரை இழுக்க வேண்டியவர்கள். இரத்தத்தில் உயர்வு தாழ்வு காண்பதைவிடப் பெரிய சூனியம் நம் நாட்டில் எது? அதற்கு எலுமிச்சம்பழமும் தேவையில்லை. நம் பிள்ளைகள் மந்திரக் கதை படிப்பதற்கு அஞ்சும் நாம், சாதிக் கதையை உணவோடு ஊட்டுவதற்கு அஞ்சுவதில்லை.

நாவலின் குறைகளையும் மறைத்தல் ஆகாது. பதினொரு வயதுப் பிள்ளைகளைத் தொப்பி ஒன்று நான்கு இல்லங்களாகப் பிரிக்கிறது. ஸ்லிதரின் என்னும் இல்லத்தில் விழுந்தவர்கள் ஏறத்தாழ எல்லாரும் கெட்டவர்களாகவே வளர்கிறார்கள். இறுதிப் போரின் முன் அந்த இல்லத்து மாணவர்களின் மேசை முழுவதுமே காலியாகிறது. பிறப்பால் பிரிப்பதைக் கண்டிக்கும் ஆசிரியர், தாமே வேறொரு வேலியைப் போட்டுவிட்டார். மனந்திரும்பும் ஒரு மாணவனையாவது அங்கிருந்து எழுப்பியிருக்கலாம். பார்வதி, பத்மா என்னும் நம் நாட்டுப் பெயர் தாங்கிய இரட்டையர் பேருக்கு மட்டுமே வந்து போகிறார்கள். எல்லாவற்றினும் நம்மை உறுத்தியது எல்ஃப்களின் நிலை. அவர்களின் விடுதலைக்காக ஹெர்மயனி தொடங்கும் இயக்கத்தை ஏனையோர் கேலி செய்கிறார்கள். ஆசிரியரும் கூடச் சேர்ந்து புன்னகைக்கிறார். டாபிக்குத் தன் கையால் குழி தோண்டிய ஹாரி, போரெல்லாம் முடிந்தபின், வேறோர் எல்ஃப் தனக்குச் சிற்றுண்டி கொண்டு வருவானா என்று எண்ணுவதோடு கதை ஓய்கிறது. பின்னுரைக்கு முந்திய பக்கம் அது. பழக்கம் எத்துணை வலியது என்பதை ஆசிரியர் அறிந்து எழுதினாரோ, அறியாமல் எழுதினாரோ, அவ்வரி பொய்யன்று. நம் வீட்டில் பாத்திரம் துலக்குபவரின் முழுப்பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கடவுளைப் பற்றி இவ்வேழு நூல்களும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பெற்றோர் கவனத்தில் கொள்ள வேண்டிய வெற்றிடம் அது. ஆயினும் இறுதி நூலில், கிறிஸ்து பிறப்பு விழாவின் முன்னிரவில் ஹாரி பெற்றோரின் கல்லறையைத் தேடிச் செல்கிறான். அங்கே இரு கல்லறைகளில் பொறிக்கப்பட்டிருப்பவை திருவிவிலிய வரிகள்: ஒன்று மத்தேயு 6:21, மற்றொன்று 1 கொரிந்தியர் 15:26. சாவை வெல்வது எப்படி என்பதே இரண்டாம் வரியின் பொருள். வோல்டமார்ட் ஆன்மாவைக் கூறுபோட்டு அதைத் தேடினான். லில்லி தன்னையே கொடுத்தாள். பிள்ளைகளுக்கு இவ்விரண்டையும் அருகருகே வைத்து விளக்க ஒரு பெரியவர் உடனிருந்தால், இந்நூல் விசுவாசத்துக்கு இடையூறாகாது. உடனிருக்க எவருமின்றித் தனியே படிக்கும் பிள்ளைக்கு, கோலின் மினுமினுப்பு மட்டுமே மிஞ்சக்கூடும். எச்சரிக்கை வேண்டியது அங்கேதான்.

சில வாரங்கள் கழித்து அத்தாய் மீண்டும் வந்தார். நூலை அவர் கையில் திருப்பிக் கொடுத்து, "கொளுத்த வேண்டாம் அம்மா. பிள்ளையைச் சத்தமாய்ப் படிக்கச் சொல்லி நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் ஆடுகளை வாங்கிப் போனவன் இந்தக் கதையில் யார் என்று அவனையே கேளுங்கள்" என்றோம். பின்னர், அந்தக் குற்றேவல்காரனைப் புதைத்த கதையையும் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை.

"பொதைச்ச எடத்துல சிலுவ வச்சாங்களா சாமி?"

"இல்லை அம்மா. ஒரு கல்லை வைத்து, அதில் அவன் பெயரையும் அவன் விடுதலை பெற்றவன் என்பதையும் எழுதினான்."

"பேரு எழுதனானா?" என்று கேட்டுக்கொண்டே நூலை மறுபடியும் செய்தித்தாளில் சுற்றினார். மலையில் அவர் விட்டுவந்த சிறு குழிமேட்டில் பெயர் எழுதிய கல் ஏதுமில்லை என்பது அப்போதுதான் நமக்குத் தெரியவந்தது. வரும் நவம்பர் 2ஆம் நாள், இறந்த விசுவாசிகள் நினைவு நாளில், அங்கே ஒரு கல் வைப்பதாகச் சொல்லியிருக்கிறோம். மண்வெட்டியை மகனே எடுத்து வருவானாம்.