திதி பொது, உதயம் தேசத்திற்குரியது

ஏகாதசீ நிர்ணயத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வாக்கியமா, திருக்கணிதமா என்னும் விவாதத்தோடு நின்றுவிடுகின்றனர். எந்தக் கணிதத்தைக் கொண்டாலும் எஞ்சி நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. பஞ்சாங்கத்தில் அச்சிட்டிருக்கும் ஸூர்யோதயம் எவ்வூருடையது?

திதி என்பது சந்திர ஸூர்யர்களின் இடைவெளியில் 12 பாகை. அது முடியும் கணம் எல்லா ஊர்களுக்கும் ஒன்றே. உதயமோ ஊர்தோறும் வேறு. உதயத்திற்கு 4 நாழிகை, அதாவது 96 நிமிஷம் முன்பு தொடங்குவது அருணோதயம். அப்பொழுது தசமீ ஸம்பந்தம் இருந்தால் அந்த ஏகாதசி வேதையுற்றதென்று விலக்கி, மறுநாள் உபவாஸம் இருப்பது நம் ஸம்ப்ரதாயம்.

ஜவ்வாது மலையில் புதூர்நாட்டை எடுத்துக்கொள்வோம். சென்னைக்கு மேற்கே ஏறக்குறைய ஒன்றரைப் பாகையில் இருப்பதால், அங்கு உதயம் சுமார் 6 நிமிஷம், அதாவது 15 விநாழிகை, பிந்தும். சென்னையில் உதயம் 5.55, தசமி முடிவது விடியற்காலை 4.22 என்று வைத்துக்கொண்டால், அங்கே அருணோதயம் 4.19, தசமி இன்னும் இருக்கிறது, ஆகவே வேதை. புதூர்நாட்டில் உதயம் 6.01, அருணோதயம் 4.25, தசமி கழிந்துவிட்டது, ஆகவே சுத்த ஏகாதசி. சென்னைப் பஞ்சாங்கத்தை அப்படியே பின்பற்றுகிற மலையூர் பாகவதர் உபவாஸ தினத்தில் உண்டு, மறுநாள் பட்டினியிருப்பார். இத்தகைய ஸந்தி எப்போதோதான் வரும். வந்தால் ஒரு நாள் முழுதும் மாறும்.

இதனினும் நுட்பமான பிழை ஒன்று உண்டு. திதி முடிவை நாழிகையில் தரும் பஞ்சாங்கங்கள் தத்தம் ஊரின் உதயத்திலிருந்தே எண்ணுகின்றன. அந்த நாழிகையை நம்மூர் உதயத்திலிருந்து எண்ணினால், பொதுவான திதியையே நாம் நகர்த்திவிடுகிறோம்.

வாக்கியத்திற்கும் திருக்கணிதத்திற்கும் நாழிகைக் கணக்கில் பேதம் இருக்க, 6 நிமிஷத்திற்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்பர். கணித பேதம் ஆசார்ய பரம்பரையைப் பற்றியது. அதில் அவரவர் பெரியோர் வழியே ப்ரமாணம். தேசாந்தரமோ இரு சாராருக்கும் பொது. அவந்தி வழிச் செல்லும் ரேகையை மத்யமாக வைத்து ஸூர்ய ஸித்தாந்தமும் அந்த ஸம்ஸ்காரத்தை விதிக்கிறது. திருப்பாவை 13ஆம் பாசுரத்து ஆய்ச்சியர் பொழுது விடிந்ததற்குக் காட்டும் அடையாளமும் தங்கள் வானில் தாங்கள் கண்ட இரு கோள்களே; அயலூர்க் கணக்கன்று.

மலை மறைப்பதால் சூரியன் கண்ணுக்குத் தாமதமாகத் தோன்றுமே என்று புதூர்நாட்டார் கேட்கலாம். கணிதம் கொள்வது ஸமமான அடிவானத்தை. குன்றின் உயரம் அதில் சேராது. அதே மலைத்தொடரின் காவலூர் வானாய்வகம் 78 பாகை 50 கலைத் தீர்க்கரேகையில் உள்ளது. திருவரங்கம் 78 பாகை 41 கலை. ஆகவே தேசாந்தரத்தைப் பொறுத்தவரை இம்மலையூர்களுக்குச் சென்னையைவிடத் திருவரங்கமே அண்மை. அக்ஷாம்ச பேதத்தால் மட்டும் அயனாந்தங்களில் சுமார் 3 நிமிஷம் வேறுபடும். வைகுண்ட ஏகாதசி வரும் மார்கழியில் வடக்கேயுள்ள மலையில் உதயம் அவ்வளவு பிந்தும்; மறுநாள் த்வாதசி உதயத்திற்குப் பின் சிறிதே எஞ்சுமானால், பாரணைக்கு அந்த 3 நிமிஷத்தையும் கணக்கிட்டே தீரவேண்டும்.