'கோ ஆஃப்' என்பதற்கு எதிர்ச்சொல் என்ன?

சில வருடங்களுக்கு முன் நைட் சப்போர்ட்டில் இருந்தபோது நடந்தது. இரவு இரண்டரை மணி இருக்கும். இங்கிலாந்தில் இருந்த சக ஊழியரிடமிருந்து ஒரு மெசேஜ்: "தி டிஸ்க் அலாரம் ஹாஸ் கான் ஆஃப்." அரைத்தூக்கத்தில் படித்துவிட்டு, 'அப்பாடா, அலாரம் நின்னு போச்சு' என்று புரண்டு படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் டிஸ்க் நிரம்பி சர்வர் விழுந்து கிடக்கிறது. அவர் சொன்னது, அலாரம் அடிக்க ஆரம்பித்துவிட்டது என்று!

போன வாரம் என் பையனின் இலக்கண கைடைப் புரட்டினேன். எதிர்ச்சொல் பட்டியலில் 'கோ ஆஃப்' என்று ஒரு பக்கம், 'கோ ஆன்' என்று எதிர்ப்பக்கம். ஒரே வரி, கதை முடிந்தது. அன்று ராத்திரி என்னைத் தூங்க வைத்தது இந்த வரிதான் என்று தோன்றியது.

அந்த வரி முழுத் தப்பு என்று சொல்ல மாட்டேன். விளக்குக்கு அது சரி. விளக்கு 'கோஸ் ஆஃப்', திரும்ப 'கோஸ் ஆன்' அல்லது 'கம்ஸ் ஆன்'. ஆனால் பால் 'கோஸ் ஆஃப்' என்றால்? கெட்டுப்போகிறது. கெட்ட பாலைத் திரும்ப நல்ல பாலாக்க முடியாது. அதனால் அதற்கு எதிர்ச்செயலே கிடையாது, 'ஸ்டே ஃப்ரெஷ்', அதாவது கெடாமல் இருப்பது மட்டும்தான். ஒருவர் 'கோஸ் ஆஃப்' என்று கிளம்பிப் போனால் எதிர்ப்பதம் 'கம் பேக்'. பிரிட்டிஷ் பேச்சில் காபி மேல் இருந்த ஆசை விட்டுப்போனாலும் 'கோ ஆஃப்'தான். அதற்கு எதிர், பிடித்துப்போவது, 'டேக் டு'. வெடிகுண்டும் அலாரமும்தான் விசேஷம். அவை 'கோ ஆஃப்' ஆனால் வேலை ஆரம்பிக்கிறது. குண்டுக்கு எதிர்ப்பக்கம் வெடிக்காமல் புஸ்ஸென்று போவது. அடிக்கிற அலாரத்துக்கு எதிர்ப்பக்கம் 'ஸ்டாப்'. "தி அலாரம் வென்ட் ஆஃப், ஸோ ஐ டர்ன்ட் இட் ஆஃப்" என்பது சரியான ஆங்கில வாக்கியம். இரண்டு ஆஃபும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன.

ஏன் இப்படி? 'ஆஃப்', 'ஆவ்' இரண்டும் ஒரே பழஞ்சொல்லிலிருந்து பிரிந்தவை. அடிப்படைப் பொருள் விலகல். நான் புரிந்துகொண்ட வரை, விளக்கிலிருந்து கரண்ட் விலகினால் அணைகிறது, பிடித்து வைத்த விசை விலகினால் துப்பாக்கி வெடிக்கிறது. விலகல் ஒன்றுதான், விளைவு வேறு.

நம் காதுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கு. தமிழில் 'போ' பெரும்பாலும் இழப்பைச் சொல்லும். கரண்ட் போச்சு, பால் கெட்டுப்போச்சு. ஆனால் அலாரம் 'போகாது', அடிக்கும். அதனால் விளக்கையும் பாலையும் 'கோ' என்று உடனே பிடித்துக்கொள்கிறோம், அதே வேகத்தில் அலாரத்தையும் சேர்த்து அணைத்துவிடுகிறோம். கரண்டுக்கு 'வந்துடுச்சு' என்று எதிர் இருக்கு. கெட்டுப்போன பால் 'வந்துடுச்சு' என்று யாரும் சொல்வதில்லையே!

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் குழு 1985-இல் தொடங்கிய வேர்ட்நெட் இந்த இடத்தில் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்கிறது. அதில் எதிர்ச்சொல் தொடுப்பு, ஒரு சொல்லின் ஒரு குறிப்பிட்ட பொருளிலிருந்து இன்னொரு சொல்லின் ஒரு குறிப்பிட்ட பொருளுக்குப் போகிறது. டேட்டாபேஸ் ஆட்களுக்குச் சொல்வதென்றால், கீ என்பது சொல் மட்டும் இல்லை, சொல்லும் பொருள் எண்ணும் சேர்ந்தது. கைடு எழுதியவர் பாதிக் கீயை வைத்து ஜாயின் போட்டிருக்கிறார். நம் வேலையில் யாராவது அப்படிச் செய்தால் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம்.

பையனின் கைடில் அந்த வரியை அடித்துவிட்டு ஓரத்தில் "எது?" என்று எழுதினேன். விளக்கா, பாலா, அலாரமா என்று கேட்டுவிட்டுத்தான் பதில் எழுதணும் என்றேன். "பரீட்சையில அப்படிக் கேக்க முடியாதேப்பா" என்றான். பரீட்சைத் தாளில் கேள்வியோடு ஒரு முழு வாக்கியம் கொடுத்தால் அவன் கேட்கவே வேண்டியிருக்காது.