மிகைபடக் கூறல்

கோட் எழுதும் ஏஐ, வேலையில் இறங்கும் முன் படித்துக்கொள்ளும் குறிப்பு ‘ஏஜென்ட்ஸ்.எம்டி’. அதையும் ஒரு நூலாக எண்ணி விமர்சிக்கலாமே. நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் முதல் இரண்டு குன்றக் கூறல், மிகைபடக் கூறல். பல குறிப்புகளில் இரண்டும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகின்றன. ‘நீ பெரிய எக்ஸ்பர்ட், சுத்தமா கோட் எழுது’ என்று பக்கம் பக்கமாக. அதெல்லாம் அதுக்குத் தெரியும்ப்பா. தெரியாதது வேறு.

உதாரணத்துக்கு ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகம். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியின் படங்களைத் தேதிவாரியாகப் பிரிக்க ஒரு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். வானியலில் நேரம் யூடிசி கணக்கு. நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. ஆகவே சாயங்காலம் தொடங்கி விடிகாலை 5.30 வரை யூடிசியில் ஒரே தேதிதான். உதவுகிறேன் பேர்வழி என்று ஏஐ இந்திய நேரத்துக்கு மாற்றினால், ஒரே இரவின் படங்கள் நள்ளிரவோடு இரண்டு ஃபோல்டர்களாக உடையும்.

‘நேரத்தை மாற்றாதே’ என்று மட்டும் எழுதுவது குன்றக் கூறல். ‘மாற்றினால் ஓர் இரவு இரண்டாகும்’ என்ற காரணமும் சேர்ந்தால், ஃபைல் பெயர், லாக் என்று நாம் சொல்லாமல் விட்ட இடங்களிலும் அது சரியாக நடந்துகொள்ள வாய்ப்பு அதிகம். எக்ஸ்பர்ட் புகழ்மாலையை வெட்டினால் இந்த வரிக்கு இடம் கிடைக்கும்.