மூப்பும் இயக்கமும்: ஓர் எலிப் பரிசோதனையின் மொழி குறித்துச் சில குறிப்புகள்

விஞ்ஞான அறிக்கைகள் இலக்கியத் திறனாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை என்னும் கருத்து நம்மிடையே நிலவுகின்றது. ஆயின், ஆய்வுகூடத்து முடிவுகள் மக்களைச் சென்றடைவது மொழியின் வழியாகவே. அம்மொழியின் சமூக உள்ளடக்கத்தை ஆராய்தல் திறனாய்வாளர் கடமையுமாகும்.

2002ஆம் ஆண்டு புரூஸ் ஏம்ஸ், டோரி ஹேகன் முதலிய அமெரிக்க அறிஞர் வெளியிட்ட ஆய்வுகள் இவ்வகையில் மனங்கொள்ளத்தக்கவை. ஏறத்தாழ ஈராண்டு வயதான முதிய எலிகளுக்குக் குடிநீரில் அசற்றைல்-எல்-காணிற்றினும் உணவில் லிப்போயிக் அமிலமும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. உயிரணுவுக்குச் சக்தியளிக்கும் இழைமணிகள் மூப்பினாற் சிதைவதை இவை தணிக்கும் என்பதே கருதுகோள். எலிகளின் நடமாட்டம் கூடிற்று. நீர்த்தொட்டியில் மறைந்திருந்த மேடையை நினைவிற் கொண்டு நீந்திச் சேரும் திறனும் மேம்பட்டது. முறையாக அளந்தறியப்பட்ட இவற்றை மறுப்பது நமது நோக்கமன்று.

அளக்கப்பட்டது, கூட்டில் அடைபட்ட விலங்கு நடமாடிய அளவே. சொல்லப்பட்டதோ, கிழ எலிகள் எழுந்து 'மக்கரீனா' நடனமாடின என்பது. ஏம்ஸ் அவர்களே கையாண்ட இவ்வுருவகத்தில் அசைவு இளமையாகிவிடுகின்றது. இவ்விருவரும் 1999இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் 'ஜுவனொன்'. அப்பெயரிலும் இளமையே ஒலிக்கின்றது. காயகற்பம் பற்றிய பழங்கனவு குளிசையாகிச் சந்தைக்கு வந்துவிட்டது எனலாம்.

இதனைத் தனிமனிதப் பேராசையாகக் காண்பது மேலோட்டமானது. ஏம்ஸ் தமது பங்குகளை இலாபநோக்கற்ற அமைப்பொன்றுக்கு அளித்தவர். 1994ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், துணையுணவுகளின் பயனை முன்கூட்டியே அரசுக்கு நிறுவாது விற்க இடமளிக்கின்றது. எலிக்கும் மனிதருக்கும் இடையிலுள்ள தூரத்தை ஆய்வு கடக்குமுன் பண்டம் கடந்துவிடுகின்றது. உருவகம் அதற்குப் பாலமாகின்றது.

இன்னும் ஆழமானது, சுறுசுறுப்பே உயிர்ப்பின் அளவுகோல் என்னும் எடுகோள். உழைப்புச் சக்தியை விற்றுப் பிழைக்கவேண்டிய சமுதாயத்தில், உழைக்கவியலாத முதுமை திருத்தவேண்டிய பழுதாகவே தோன்றும். எலியின் தளர்ச்சிக்கு இழைமணி காரணமாகலாம். மனித முதுமையின் ஒடுக்கத்திற்கோ வாழ்நாள் முழுவதும் செய்த வேலை, உண்ட உணவு, ஓய்வூதியமின்மை, தனிமை ஆகியனவும் காரணங்களாம். உடலின் வேதியியலை மட்டும் பேசும் மொழி இவற்றைப் பார்வையினின்றும் அகற்றிவிடுகின்றது. முதியோர் பொறுப்பும் சமுதாயத்திடமிருந்து அவரவர் பணப்பைக்கு மாற்றப்படுகின்றது.

விஞ்ஞானத்தை நிராகரிப்பது முற்போக்காகாது. அளந்ததை அளந்த அளவிற் சொல்லுமாறு கோருவதே விஞ்ஞானத்தின் பக்கம் நிற்பதாகும். அக்கோரிக்கையை எழுப்பும் பயிற்சி, சொல்லையும் பொருளையும் ஆராய்ந்து பழகிய நமக்கு உண்டு. அதனைக் கவிதைக்கும் நாவலுக்கும் மட்டும் உரியதாக ஒதுக்கிவைத்தல் தகாது.