சிலுவையடியும் முல்லைவாயிலும்

சென்னைக்கு மேற்கே பூவிருந்தவல்லி, திருவேற்காடு, அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி என அடுத்தடுத்து அமைந்த ஊர்களில் சிவாலய மணியோசையும் கிறித்தவக் கோயில் மணியோசையும் இன்று ஒரு காற்றிற் கலந்து வருகின்றன. தேவாரம் ஓதி மீளும் அன்பர் வழியில் சுவிசேஷங் கூறுவாரைக் காண்டல் அரிதன்று. அவர் கூறும் பொருள் யாது, அதற்குச் சித்தாந்தம் தரும் விடை யாது என வினவின், நம்மவருட் பலர் இகழ்ச்சியையே விடையாகத் தருவர். இகழ்ச்சி ஆராய்ச்சியாகாது. அருணந்தி சிவாசாரியர் சித்தியாரிற் பரபக்கத்தை முன்வைத்து, பிறர் கொள்கையை அவர் கூறுமாறே கூறிய பின்னரே மறுத்தனர். ஆறுமுக நாவலரும் பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்று அந்நூலைக் கசடறக் கற்ற பின்னரே, 1854-இல் சைவதூஷண பரிகாரம் வெளியிட்டனர். அந்நெறி பற்றி, கிறித்தவர் கூறும் இரட்சிப்பைத் தமிழிற் காப்பியமாக்கிய இரட்சணிய யாத்திரிகம் என்னும் நூலை வைத்துச் சில கூறுவாம்.

இந்நூலாசிரியர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1827-இல் திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடியிற் பிறந்து, 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்று, 1900-இல் மறைந்தவர். ஜான் பனியன் என்னும் ஆங்கிலர் 1678-இல் வெளியிட்டதும், தமிழில் மோட்சப் பிரயாணம் என வழங்குவதுமாகிய உரைநடைக் கதையைத் தழுவி இவர் பாடிய காப்பியம் 1894-இல் வெளிவந்தது. அழிவின் நகரத்தில் வாழ்ந்த ஒருவன், முதுகிற் பாவச்சுமை தாங்கி, நற்செய்தி கேட்டுப் புறப்பட்டுப் பேரின்ப நகர் புகுதலே கதை. மூலத்தில் இல்லாத குமார பருவத்தைத் தாமே அமைத்து, இயேசுவின் சரிதத்தையும் சிலுவைப்பாட்டையும் இவர் விரித்தனர். கம்பர் நடை கைவந்த இவர்தம் புலமை முழுதும் அங்கே கனிந்து நிற்கின்றது. அப்பகுதியைப் படித்துக் கண்ணீர் பெருக்கும் சைவர் நாணவேண்டுவதில்லை. அன்பின் பொருட்டு ஒருவர் துன்பமேற்றலைக் கேட்டு உருகாத உள்ளம் கண்ணப்பர் வரலாறு கேட்டும் உருகாது.

இனிக் கொள்கையை நோக்குவாம். பவுல் உரோமையர்க்கு விடுத்த நிருபத்தில், நம்புவோர் யாவரையும் ஈடேற்றும் கடவுளாற்றலே சுவிசேஷம் என்னும் கருத்தை வைக்கின்றார். கடவுள் அன்புடையர், அறமும் பொய்யாதவர். பாவத்துக்குரிய தண்டம் வாளா நீங்கின் அறம் பொய்யாம். நிகழின் உயிர் கெடும். ஆதலின் அத்தண்டத்தைத் தாமே மனிதராய் வந்து ஏற்றார் என்பது அவர் துணிபு. நம்மவர், 'ஒருவன் குற்றத்துக்கு மற்றொருவனைத் தண்டித்தல் எவ்வாறு நீதியாகும்?' எனக் கடாவி அமைவர். இது முற்றும் பொருந்தாது. ஏற்றவர் மூன்றாமவர் அல்லர், நீதி வழங்கும் கடவுளே என்பது அவர் கொள்கையாதலின். 'அவரவர் வினையை அவரவரே உண்டு தீர்க்கவேண்டும்' என்று மட்டும் கூறுதலும் நம் சித்தாந்தத்தைக் குறைத்துக் கூறுதலாம். பிராரத்தம் உடலோடு நுகரப்படும். சஞ்சிதமோ தீக்கையிற் குருவருளால் எரிந்துபோம் என்பதன்றோ நம் நூற்றுணிபு? உயிர் ஈட்டாத அருளாற் பெருவினைக் குவை நீங்குமென நாமும் கொண்டோம். திருவேற்காட்டுப் பிறந்த மூர்க்க நாயனார் சூதாடி வென்ற பொருளால் அடியாரை அமுதுசெய்வித்துச் சிவபதம் பெற்றதும் அறிவோம்.

அற்றேல் வேறுபாடு யாண்டுளது? நோய் இன்னதென்பதிலே உளது. அவர்க்கு உயிரின் முதற்கேடு குற்றம். ஆதலின் மன்னிப்பு வேண்டும். நமக்கு முதற்கேடு ஆணவம் என்னும் இருள். ஆதலின் மருந்து வேண்டும். வினைப்பயனை இறைவன் ஊட்டுதல் கடன் தண்டுதல் போன்றதன்று. மலம் பரிபாகமுறும்படி மருந்தூட்டுதல் போன்றது. கடனைப் பிறர் தீர்க்கலாம்; மருந்தைப் பிறர் உண்ண நோய் தீருமோ? 'முலையுண்ணும் மகவின் நோய்க்குத் தாய் மருந்துண்கின்றாளே' என அவர் வினவலாம், நல்ல வினாவே. ஆயினும் தாயுண்ட மருந்து பாலாய் மகவினுட் சென்றன்றோ நோயைத் தீர்க்கின்றது! வெளியே நிகழ்ந்த தியாகமும் உயிருக்குட் புகுந்து இருளை நீக்குங்காலன்றோ ஈடேற்றமாகும்?

இதற்கு அக்கதையே சான்று. சிலுவையடியிற் பாவச்சுமை கழன்று விழுகின்றது. ஆனால் பயணம் ஆண்டு முடியவில்லை. மலையும் பள்ளமும் மாயச்சந்தையும், மனமுறிவு என்னும் அரக்கன் சிறையும் பின்னரே வருகின்றன. உடன்செல்லும் அடியாரின்றி அவன் வழி நடத்தல் அரிதாகின்றது. சுமை நீங்கியவனுக்கு இத்துணை நெடுவழி எதன் பொருட்டு? சிவஞானபோதப் பன்னிரண்டாம் சூத்திரம் விடை தருகின்றது. மலம் நீங்கிய ஞானிக்கும் அதன் வாசனை தாக்கும். அதனைக் கழுவி அடியாரோடு கூடித் திருவேடத்தையும் திருக்கோயிலையும் வழிபடுக என்பது அதன் கருத்து. கணக்குத் தீர்ந்தது, நோய் தீரவில்லை என்பதைப் பனியனும் பிள்ளையவர்களும் கதைப்போக்கால் உடன்பட்டனர் என்பது எம் கருத்து. கொள்கை உரைத்ததினும் கவியுள்ளம் மிகுதி கண்டது.

மற்றொன்று. சுவிசேஷம் என்றோ ஒருநாள் ஓரிடத்து நிகழ்ந்ததன் செய்தி. அதனைக் கேளாது மறைந்தோர் நிலை அவர்தம் அறிஞரையும் வருத்தும் வினாவாகும். நமக்கும் செய்தி உண்டு. வேடரிடை வளர்ந்த அரசகுமரனுக்கு அவன் மரபை உணர்த்துமாறு போல, ஐம்புல வேடரிடை அயர்ந்த உயிருக்கு இறைவன் குருவாய் வந்து உணர்த்துவன் என எட்டாம் சூத்திரம் கூறும். ஆயின் அவ்வருகை ஒருகாலத்தோடு முடிந்ததன்று. பக்குவமுறுந்தோறும் ஒவ்வோருயிர்க்கும் நிகழ்வது. அதற்கு முன்னும் திரோதான சத்தியாய் மறைந்து நின்று அருளே தொழில் செய்கின்றது.

திருமுல்லைவாயிலை நினைமின். குறும்பரொடு பொரவந்த தொண்டைமானது யானைக்கால் முல்லைக்கொடியிற் சிக்க, அவன் வாளால் வெட்ட, சிவலிங்கத் திருமேனியிற் குருதி பெருகிற்று என்பது தலபுராணம். வெட்டுண்ட அவரே மாசிலாமணி! அரசன் தன் தலை கொய்யப் புக, இறைவன் தடுத்தருளினன். அக்காயம் யார்க்கும் செலுத்திய விலையன்று. அருள்தற்கு அவன் விலை வேண்டுவோனும் அல்லன். ஒற்றியூரிற் சூளுறவு பிழைத்துக் கண்ணிழந்த சுந்தரரும் இத்தலத்து வந்து பாடினர். கண் உடனே வந்திலது. வெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் ஒரு கண்ணும், ஆரூரில் மற்றொரு கண்ணும் பெற்றனர். தண்டித்தவனே கோல் தந்து வழிநடத்தினன். இதனையே மறக்கருணை என்றனர் ஆன்றோர்.

இத்துணையும் கூறியபின் நம்மை நோக்கியும் ஒன்று வினவவேண்டும். நற்செய்தியாளர் சேரியிற் புகுந்து, 'நீயும் கடவுளின் மகன்' என்றபோது, தாழ்த்தப்பட்டோர் பலர் அதனைக் கேட்டு நிமிர்ந்தனர். அருளுக்கு விலையில்லை என ஓதிய நாமோ திருக்கோயில் வாயிலிற் குலத்தை விலையாகக் கேட்டு நின்றோம். சென்னை மாகாணத்தில் அத்தடை சட்டத்தால் முற்றும் நீங்க 1947 வரை செல்லவேண்டியதாயிற்று. உள்ளத்திலுள்ள தடையைச் சட்டம் நீக்காது. எம்முடைய மறுப்பு எத்துணை நுண்ணிதாயினும், அத்தடை உள்ள மட்டும் அது வெற்றுரையே.

திருப்பூங்கூரில் நந்தனார் காணும்படி நந்தி விலகிற்று. திருமுல்லைவாயில் நந்தியோ, அன்பனுக்குத் துணைசெல்லும் பொருட்டு, இறைவனை நோக்காது வெளிநோக்கி நிற்கின்றது. அந்நந்தி நோக்கும் திசையிற் சைவர் சென்று, அருள் யாவர்க்கும் உரியது என்பதைச் செயலாற் காட்டுக. நாம் தரத்தக்க முதல் விடை அதுவே. நூல்விடை அதன் பின்னரே சிறக்கும்.

திருச்சிற்றம்பலம்.